மாமா என்று அழைக்கும் மகன்

சிவமயம்

ஈஜோக்,
கார்த்திகை, இரண்டாம் செவ்வாய்.

அன்பிற்குரிய மாப்பிள்ளை கணேஸ்வரன் அவர்களுக்கு, மாமனார் நாராயணசாமி எழுதுவது.

இக்கடிதம் உங்கள் கைக்கு வரும் வேளையில் வலி ஒரு படியேனும் தணிந்திருக்க வேண்டும் என்று எம்பெருமானை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். காலில் செருகியிருக்கும் இரும்புக் கம்பிகளை எப்போது எடுப்பார்கள் என்று உங்கள் அண்ணியிடம் கேட்டேன். தை பிறக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னார். மாசாயில் உங்கள் அண்ணன் தங்கராஜு வீட்டில் உங்களைக் குறைவின்றிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

இங்கே மழை விட்டபாடில்லை. கோயிலுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் நிரம்பி, புதிதாக நட்ட செம்பனைக் கன்றுகள் முழங்கால் நீரில் நிற்கின்றன. மகள் கலாவதி ரவாங் தொழிற்சாலைக்கு வழக்கம்போல் வேனில் போய் வருகிறாள். மாதவிக்கு முன்பல் ஒன்று விழுந்தது. அதை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறாள். இனி நான் எழுதப்போவது பவனேஷைப் பற்றி. அவன் பெயரைக் கண்டதும் கடிதத்தை மடித்துவிடாதீர்கள்.

இதைக் கைப்பேசியிலேயே சொல்லியிருக்கலாம். அவன் பேச்சை எடுத்ததும் நீங்கள் அழைப்பைத் துண்டித்துவிடுகிறீர்கள். அதற்காக உங்கள்மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. எமன் வாசல்வரை போய்த் திரும்பியவருக்குக் காது பொறுக்கும் செய்திகள் சிலவே இருக்கும். எழுத்தாக இருந்தால் வலி குறைந்த வேளை பார்த்துப் படிக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை தங்கராஜு கார் எடுத்துவந்து, பவனேஷை அம்பாங் பெச்சாவைத் தாண்டியுள்ள ஒரு சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிட ஏற்பாடாகியிருக்கிறது. பதினெட்டு வயது நிறையும்வரை அவன் அங்கேயே வளர வேண்டும், இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, உங்கள் முகத்தில் விழிக்கக் கூடாது என்பது பேச்சு. நீங்களும் சம்மதம் சொல்லிவிட்டீர்கள். சொந்தத் தங்கையின் கழுத்தை நெரிக்கத் துணிந்தவனை இனி எப்படி வீட்டில் வைத்திருப்பது என்று நீங்கள் கேட்டதாகக் கலாவதி சொன்னாள்.

அவன் கழுத்தை நெரிக்கவில்லை, மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த ஒன்றை நீங்கள் அறிந்தாக வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் முடிவு விளங்கும்.

அவனுக்கு நான்கு வயதானபோது நீங்கள் எண்ணெய் ஆலையின் ஏணியிலிருந்து விழுந்தீர்கள். இடுப்பெலும்பு முறிந்து நீங்கள் படுத்திருந்த மாதங்களில், காலஞ்சென்ற உங்கள் தாயார் சாதகக் கட்டுகளை எடுத்துக்கொண்டு கோல சிலாங்கூருக்குப் போய் வந்தார். மகனின் நட்சத்திரம் தகப்பன் உயிருக்கு ஆகாது, இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழலாகாது, பிள்ளை அவரை அப்பா என்று வாய்விட்டு அழைக்கவும் கூடாது என்று சோதிடர் சொல்லியனுப்பினார். அவனை அம்மன் சந்நிதியில் கிடத்தி, அவளுக்கே பிள்ளையாகக் கொடுத்தோம். சுங்கை பஞ்சாங் நெல் ஆலையில் வாங்கிய தவிட்டை ஒரு படி அளந்து வைத்து, அம்மனிடமிருந்து அவனை என் பிள்ளையாக நான் வாங்கிக்கொண்டேன். அன்று அதில் குறை கண்டவர் எவருமில்லை. அன்று மாலையே உங்களை மாமா என்று கூப்பிட அவனைப் பழக்கினோம். வாய் தவறி அப்பா என்றபோதெல்லாம் கலாவதி அவன் உதட்டில் தட்டினாள். நீங்கள் ஜொகூருக்குப் போனீர்கள், அங்கிருந்து சிங்கப்பூர் வேலைக்குப் போய் வந்தீர்கள். விடுமுறைகளில் கலாவதி உங்களிடம் வந்தாள். நல்ல நாள்களில் நீங்கள் இங்கே வந்து, உங்கள் சொந்த வீட்டுக் கூடத்தில் விருந்தாளியைப் போல் உட்கார்ந்துவிட்டு, தங்காமல் திரும்பினீர்கள்.

பிறகு மாதவி பிறந்தாள். அவள் நட்சத்திரத்தில் தடையேதும் இல்லை. பேச்சு வந்ததும் உங்களை அப்பா என்றாள். ஒரே கூடத்தில் ஒரே மனிதர் ஒரு பிள்ளைக்கு அப்பா, இன்னொரு பிள்ளைக்கு மாமா. பெரியவர்கள் நமக்கு அது பழகிவிட்டது.

தமிழ்ப்பள்ளியில் அவன் கடைசி ஆண்டில் இருந்தபோது, விளையாட்டுப் போட்டிக்கு மாதவியைத் தோளில் தூக்கிக்கொண்டு நீங்கள் போனது நினைவிருக்கும். நீங்கள் புறப்பட்ட பிறகு ஒரு பையன் அவனை மறித்து, "டேய், ஒன் தங்கச்சிக்கு அப்பா, ஒனக்கு மாமாவா? அப்ப நீ யாருடா அந்த வீட்ல?" என்று கேட்டிருக்கிறான். சுற்றியிருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். இவன் நாற்காலியைத் தூக்கி அடித்தான். அதுதான் முதல் புகார். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு புகார்கள் பெருகின. பள்ளி வேனின் கண்ணாடியை உடைத்தான். ஓர் ஆசிரியரின் மோட்டார் சைக்கிள் சாவியைச் சாக்கடையில் எறிந்தான். எதற்கு என்று கேட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

சென்ற பங்குனியில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்குழு ஒன்று இந்த வட்டாரத்துக்கு வந்தது. தோட்டப்புறத்திலும் சிறு பட்டணங்களிலும் வளரும் சிறுவர்க்கும் பதின்ம வயதினர்க்கும் நடத்தைச் சிக்கல்கள் எதனால் வருகின்றன, எதனால் முற்றுகின்றன, எதனால் தணிகின்றன என்று ஆராய்வது அவர்கள் வேலை. பள்ளியின் கட்டொழுங்கு ஆசிரியர் முதலில் கொடுத்த பெயர் நம் பவனேஷின் பெயர். கலாவதி உங்களைக் கேட்டுத்தான் கையொப்பம் இட்டாள்.

அந்தக் குழுவில் நித்தியா என்று ஒரு பெண். ரவாங்கில் பிறந்து வளர்ந்தவள். பாட்டன் காலத்தில் அவர்களும் தோட்டத்தில் இருந்தவர்களாம். சிறு சிறு மரப்பொம்மைகளைப் பிள்ளைகளின் முன் வைத்து, இதுதான் உன் வீடு என்றால் யார் யார் எங்கே நிற்பார்கள் என்று அடுக்கச் சொல்வது அவர்கள் முறை. பவனேஷ் அம்மாவை வைத்தான், தங்கையை வைத்தான், என்னை வைத்தான். தூரத்தில் முதுகு திரும்பிய நிலையில் இன்னொரு பொம்மையை வைத்து, அது மாமா என்றான். அப்பா எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. தகப்பனை இழந்த பிள்ளைகளின் கூட்டத்தில் அவனைச் சேர்த்துவிட்டார்கள். மாதக்கணக்கில் அவர்கள் கணக்கில் நீங்கள் இறந்தவராகவே இருந்திருக்கிறீர்கள்.

கலாவதியின் பதிலும் பிள்ளையின் பதிலும் ஒத்துவராததால் ஒரு மாலை அந்தப் பெண் நம் வீட்டுக்கே வந்தாள். "ஸாரி தாத்தா, எனக்கு ஒண்ணு மட்டும் கிளியரா இல்ல. அம்மா, ஹஸ்பண்ட் சிங்கப்பூர்ல வேலைன்னு சொல்றாங்க. பவனேஷ் வச்ச வீட்ல அப்படி ஆளே இல்ல," என்றாள். நான் நட்சத்திரத்தையும் தவிட்டையும் சொன்னேன். "அந்த மாமாதான் அப்பாவா? எங்க பேப்பர்ல அப்பா இருக்காரு, அப்பா இல்ல, ரெண்டுதான் தாத்தா. இதுக்கு எடமே இல்ல," என்றாள்.

பிறகு கலாவதியிடம் ஒவ்வொரு புகாராக எடுத்து, அது எப்போது நடந்தது என்று கேட்டாள். தேதியை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? நாற்காலியால் அடித்தது எப்போது என்றதற்கு, "அவரு வந்துட்டுப் போன வாரம்," என்றாள். வேன் கண்ணாடிக்கு, "அது சித்திரைல, அவரு வந்துட்டுப் போனாரே, மறுநாளு," என்றாள். மோட்டார் சாவிக்கு, "மாதவி பொறந்தநாளுக்கு அவரு வந்தப்ப," என்று தொடங்கியவள் அங்கேயே நின்றுவிட்டாள். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே அப்போதுதான் கேட்டவளைப் போல் என்னைப் பார்த்தாள். எழுந்து தேநீர் போட உள்ளே போனாள். போனவள் வரவே இல்லை. நான்தான் போய்த் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்தேன்.

தீபாவளிக்கு நீங்கள் வந்தீர்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் துணி கொண்டுவந்தீர்கள். அவனுக்கு எடுத்த சட்டை அளவு சிறுத்துவிட்டது. "அடேங்கப்பா, இவ்ளோ வளந்துட்டானா," என்று நீங்கள் கலாவதியிடம்தான் சொன்னீர்கள். அவன் அந்தச் சட்டையைக் கழற்றவே இல்லை. நீங்கள் போன பிறகும் பிதுங்கிக்கொண்டு இரண்டு நாள் அதையே போட்டிருந்தான்.

அடுத்த வாரம் நீங்கள் காணொளியில் அழைத்தபோது, மாதவி பேசி முடித்ததும் கைப்பேசியை அவன் வாங்கினான். திரையில் உங்களைப் பார்த்து அப்பா என்றான். உரக்கச் சொல்லவில்லை. அந்தக் குரலில் கோபமும் இல்லை. அந்தச் சொல் தன் வாய்க்கு வருகிறதா என்று சொல்லிப் பார்ப்பவனைப் போல் சொன்னான். நான் அருகில் இருந்தேன். நீங்கள் அழைப்பைத் துண்டித்தீர்கள். கலாவதி அவன் வாயிலேயே அடித்தாள். சாமி அறையில் முட்டிபோடச் செய்து, கற்பூரம் ஏற்றி, மன்னிப்புக் கேட்க வைத்தாள். தாலியை நினைத்துப் பயந்த பெண்ணை நான் என்ன சொல்ல முடியும்?

பத்து நாள் ஆகவில்லை, பாசிர் கூடாங் சாலையில் லோரி உங்கள் மோட்டாரை இடித்துத் தள்ளிய செய்தி வந்தது. பவனேஷ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கலாவதி தரையில் விழுந்து, "சொன்னியே லா, அந்த வார்த்தைய சொன்னியே," என்று கதறினாள். அவன் எழுந்து, தட்டைக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தான். அன்றிலிருந்து இன்றுவரை அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. பள்ளிக்குப் போனால் போகிறான், சோறு போட்டால் சாப்பிடுகிறான். அடிதடி இல்லை, உடைப்பது இல்லை. கட்டொழுங்கு ஆசிரியர் என்னைச் சந்தையில் பார்த்து, பையன் திருந்திவிட்டான் என்று மகிழ்ச்சியாகச் சொன்னார்.

இனி நீங்கள் உங்கள் கண்ணால் கண்டதைப் பற்றி. மருத்துவமனைப் படுக்கையிலிருந்து முதன்முதலாக நீங்கள் அழைத்தபோது, மாதவி திரையைப் பார்த்து அப்பா என்று அழுதாள். பின்னாலிருந்து பவனேஷ் பாய்ந்தான். கைப்பேசி விழுந்தது. குழந்தையின் அலறலும், கலாவதி "கழுத்த நெரிக்கிறான்" என்று கத்தியதும் உங்கள் காதில் விழுந்திருக்கும். அதன் பிறகு தங்கராஜு என்னை அழைத்து, "பெரியவரே, இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னோம். அரகொறையா குடுத்தா இப்படித்தான். ஒரேயடியா குடுத்துடணும்," என்றார். நானும் அப்போது மறுத்துப் பேசவில்லை. நானும் கையைத்தான் பார்த்தேன். அந்தக் கை எங்கே இருந்தது என்று பார்க்கவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றிவிட்டுப் பதிகம் ஓத உட்கார்ந்தேன். உங்களுக்கு விபத்து நடந்ததிலிருந்து எனக்கும் குரல் எழவில்லை. அன்றுதான் மறுபடி தொடங்கினேன். பவனேஷ் தூணோரம் இருந்தான். எம்பெருமானை அப்பனே என்று விளிக்கும் அடி வந்தது. அந்தச் சொல் முழுதாக என் வாயிலிருந்து வெளிவரவில்லை. ஓடிவந்து தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினான். மற்றொரு கை என் பிடரியில் இருந்தது. அவன் கண்ணில் சினம் இல்லை. எரியும் அடுப்பருகே தவழும் குழந்தையை இழுப்பவரின் கண்ணில் இருக்குமே, அந்தத் தவிப்பு இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டதும் மெல்ல மெல்லக் கையை எடுத்தான்.

மாதவியைக் கூப்பிட்டு, அன்று அண்ணன் எங்கே பிடித்தான் என்று கேட்டேன். இப்படி என்று தன் சின்னக் கையால் வாயைப் பொத்திக் காட்டினாள். "வலிச்சுச்சா?" என்றேன். "இல்ல தாத்தா. அண்ணன் அழுதுச்சு," என்றாள்.

அந்தச் சொல் இந்த வீட்டில் எவர் வாயிலிருந்து வந்தாலும் ஜொகூரில் நீங்கள் விழுவீர்கள் என்று அவன் நம்புகிறான், மாப்பிள்ளை. ஒருமுறை சொல்லி உங்களைச் சாய்த்துவிட்டதாக நம்புகிறான். அதனால் தன் வாயை மூடிக்கொண்டான். எங்கள் வாயையும் மூடுகிறான். உங்கள் உயிரைக் காக்க அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

நித்தியாவிடம் சொன்னேன். படிக்கும் பிள்ளை, ஏதேனும் பெயர் வைத்துச் சொல்லும் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தாத்தா, இத அவங்க அப்பாகிட்ட சொன்னீங்களா? எங்கிட்ட சொல்லி என்னா பண்றது?" என்று கேட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

எழுபத்தாறு வயதுவரை நெற்றியில் நீறில்லாமல் நான் வெளியே போனதில்லை. கோளையும் நாளையும் இகழ்பவனும் இல்லை. ஆனால் அடியார்கள் இறைவனை வேறு எந்தப் பெயரையும்விட அப்பன் என்றே அதிகம் அழைத்தார்கள். இடுகாட்டில் ஆடுபவனை, நஞ்சு உண்டவனை, பசியோடும் நோயோடும் நின்று அப்பா என்றுதான் அழைத்தார்கள். அழைத்ததனால் அவன் குறைந்துபோனதாக எங்கும் நான் ஓதியதில்லை. பொருள் தேடிப் பிரிந்தவனைப் பாடிய பழைய புலவர்கள் நிறையப் பேர். வழியைப் பாடினார்கள், வெயிலைப் பாடினார்கள், காத்திருக்கும் மனைவியைப் பாடினார்கள். காத்திருக்கும் பிள்ளையைப் பாடிய ஒருவரும் இன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

நான் உங்களைப் பயணம் செய்யச் சொல்லவில்லை. சனிக்கிழமை மாலை விளக்கு வைத்த பிறகு ஒருமுறை அழையுங்கள். கைப்பேசியை அவனிடம் கொடுக்கிறேன். அவன் வாய் திறக்க நேரமாகலாம். பொறுத்திருங்கள். அப்பா என்றால், என்னடா என்று கேளுங்கள். பிறகு எதையாவது பேசுங்கள். அங்கே மழையா, சாப்பிட்டாயா, எதுவானாலும் சரி. மறுநாளும் அழையுங்கள். அழைத்த பிறகும் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதை அவன் காதால் கேட்க வேண்டும். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வரும் காரை நான் எப்படியாவது திருப்பி அனுப்புகிறேன்.

மாமனார் மருமகனிடம் கையேந்துவது நம் வழக்கத்தில் இல்லை. ஏந்துகிறேன். திருவருள் உங்கள் காலையும் மனத்தையும் தேற்றட்டும்.

உங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும்,
நாராயணசாமி


சிவமயம்

ஈஜோக்,
கார்த்திகை, மூன்றாம் செவ்வாய்.

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் வெள்ளிக்கிழமையே உங்களுக்குக் கிடைத்ததையும், அதை நீங்கள் இருமுறை படித்ததையும் உங்கள் அண்ணி சொல்லி அறிந்தேன். இரவு முழுதும் நீங்கள் உறங்கவில்லை என்றும் சொன்னார். உங்களைக் குற்றம் சொல்ல நான் மறுபடி எழுதவில்லை. ஒருமுறை ஏணி, ஒருமுறை லோரி. மூன்றாவதை எந்த மனிதன் துணிந்து கூப்பிடுவான்? "மாதவியும் சின்னப் பிள்ள, நான் போயிட்டா யாரு பாத்துக்குவா," என்று நீங்கள் அண்ணியிடம் கேட்டீர்களாம். நியாயமான கேள்விதான்.

சனிக்கிழமை மாலை கைப்பேசியை அவன் அருகில் வைத்துவிட்டு நான் ஓதாமல் உட்கார்ந்திருந்தேன். அழைப்பு வரவில்லை. அவனிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. அந்த மட்டில் நல்லது.

ஞாயிறு காலை கலாவதி எழுவதற்கு முன்பே அவன் துணிகளை மடித்துப் பையில் வைத்து, குளித்து, நீறு பூசித் தயாராக இருந்தான். எங்கே போகிறோம் என்று எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. பெரியவர்கள் அடுத்த அறையில் பேசுவது பிள்ளைகளுக்குக் கேட்காது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். தங்கராஜு நல்ல மனத்தோடுதான் வந்தார். "என்னடா பெரிய மனுசா, ஜெயிலுக்கா போற? ஹோஸ்டல் லா. வாரா வாரம் கோழி போடுவாங்களாம்," என்று அவன் தோளைத் தட்டினார். கலாவதி தட்டில் இட்லி வைத்தாள். அவன் முழுவதையும் சாப்பிட்டான். அவள் கட்டிக்கொள்ள வந்தபோது நின்று கொடுத்தான். காரைத் திருப்பி அனுப்புவதாக உங்களுக்கு எழுதியிருந்தேன். அதற்காகத்தான் வாசலில் நின்றேன். ஆனால் நான் வாய் திறப்பதற்குள் அவனே போய்ப் பின்னிருக்கையில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். பெரியவன் சிறுவனுக்கு விடை கொடுப்பதைப் போல் இருந்தது. நானும் ஏறிக்கொண்டேன். வேறு என்ன செய்ய என்று எனக்குத் தெரியவில்லை.

ஈஜோக்கிலிருந்து அம்பாங் பெச்சாவரை தங்கராஜு மட்டுமே பேசிக்கொண்டு வந்தார். செம்பனை விலை, கோயில் தேர்தல், உங்கள் விபத்துக் காப்புறுதிப் பணம். இல்லம் சுத்தமாக இருக்கிறது. பின்னால் மலை. பொறுப்பாளர் வயதான மனிதர், கனிவானவர். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பேச வைக்கும் எண்ணத்தில், "உங்கப்பா பேரு என்னா தம்பி?" என்று கேட்டார். உங்கள் பெயர் அந்த அட்டையிலேயே இருந்தது. நான் குறுக்கிட்டு, அவன் பேசுவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவன் பேசினான். விபத்துச் செய்தி வந்த நாளுக்குப் பிறகு அவன் பேசிய முதல் சொல். தெளிவாக, நிறுத்தி, "நாராயணசாமி," என்றான்.

பொறுப்பாளர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தங்கராஜு பூரித்துப்போய், "பாத்தீங்களா பெரியவரே, வாய் தொறந்துட்டான். எடம் மாறுனதும் சரியாயிட்டான் பாருங்க," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மனிடம் தவிட்டை விலையாகக் கொடுத்தவன் நான் என்பதை அவன் மறக்கவில்லை. உங்கள் பெயர் ஒருவர் காதிலும் விழாமல் பார்த்துக்கொண்டான். திரும்பும்போது நான் தங்கராஜுவின் பக்கத்தில் உட்காராமல் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டேன். அவர் என்ன தவறு செய்தார்? ஒன்றுமில்லை.

வீடு அமைதியாக இருக்கிறது. கலாவதி தொழிற்சாலைக்குப் போகிறாள், வருகிறாள், தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள், பிறகு அவன் தலையணையை எடுத்து வெயிலில் போடுகிறாள். மழை வந்ததும் எடுத்து வைக்கிறாள். நேற்று நீங்கள் அழைத்தபோது மாதவி அப்பா அப்பா என்று எத்தனை முறை கூப்பிட்டாள் என்று கேட்டிருப்பீர்கள். இப்போது அவளை ஒருவரும் தடுப்பதில்லை.

நித்தியா நேற்று மாலை மரப்பொம்மைப் பெட்டியோடு வந்தாள். அவளுக்குச் செய்தி தெரியாது. சொன்னதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வட்டாரம் மாறிப்போனதால், ஆய்விலிருந்து விலகியவன் என்று அவனைக் குறிக்க வேண்டுமாம். "அப்பா இல்லாத பசங்க லிஸ்ட்லேருந்து எடுத்து எங்க போடுறதுன்னு இவ்ளோ நாளா தெரியல தாத்தா. இப்ப எந்த லிஸ்ட்லயுமே இல்ல," என்றாள். விடுமுறை நாளில் தானே போய்ப் பார்த்துவருவதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, "நான் போயி என்ன தாத்தா? அவன் தேடுறது என்னையவா?" என்றும் கேட்டாள்.

அந்த இல்லத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு பெற்றோர் போய்ப் பார்க்கலாம். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பொறுப்பாளரிடம் உங்கள் முகத்துக்கு அடையாளம் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்காமல் செய்ததற்குப் பொறுத்தருள்க.

மூத்தவனாகிய நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய வாழ்த்து ஒன்றே. நோயின்றி, குறையின்றி, நீங்கள் நீண்ட காலம் வாழ வேண்டும். இதே வேண்டுதலை என்னைவிட உறுதியாகப் பிடித்துக்கொண்டு அந்த மலையடிவாரத்தில் ஒரு பிள்ளை இருக்கிறான். வாழ்ந்திருங்கள், மாப்பிள்ளை. வாழ்ந்திருப்பதை ஒருநாள் நேரில் போய் அவனுக்குக் காட்டுங்கள்.

என்றும் உங்கள் நலம் வேண்டும்,
நாராயணசாமி